சாம்பிராணி பட்ட சிப்பிகள்

சேறு கழுவுவதும் ஒரு தொழில்தான். நான் கழுவுவது ஆழ்கடலின் அடிச்சேறு. சட்டிபானை தேய்த்துக் கை காய்த்த சகோதரிகளே, உங்களுக்கு என் பாடு விளங்கும்.

முதல் நாள்

பிள்ளைகள் குடும்பமான பிறகு, வந்தாறுமூலைப் பக்கத்து ஆய்வுகூடமொன்றில் சேர்ந்தேன். அரிதட்டில் சேற்றைக் கழுவ, வெள்ளைப் பொடி மிஞ்சியது. உருப்பெருக்கியில் பார்த்தால் அத்தனையும் சிப்பி. ஒவ்வொன்றிலும் ஒரு வாய், ஏதோ சொல்லவந்து நின்றதுபோல. காதைக் கிட்டக் கொண்டுபோனேன். கூட வேலை செய்யும் ஏறாவூர் ஸல்மா சிரித்தாள்: "அது கதைக்காது கா. கதைச்சா எனக்கும் சொல்லு."

ஒரே கரண்டிச் சேறு

கடலின் மேலே மிதந்த சிப்பி ஒரு தட்டில், அடியில் கிடந்த சிப்பி இன்னொன்றில். ஒரே காலத்தில் வாழ்ந்தவைதான். ஆனால் ஓட்டிலுள்ள காபனை, அதாவது கரியை, அளந்து வயது பார்த்தால் அடிச்சிப்பி பல நூறு வருடம் மூத்ததாக வருமாம். ஆய்வு செய்யும் மிஸ்ஸிடம் காரணம் கேட்டேன். உலகம் பனியில் கிடந்த காலத்தில் கடல் மேலும் கீழுமாகச் சரியாகக் கலக்கவில்லையாம். அடித்தண்ணீர் மேலே வராமல், காபனீரொட்சைட்டு என்கிற கரியமில வாயுவை மூச்சுப்போல அடக்கிக்கொண்டு இருட்டிலேயே கிழடானதாம். பிறகு நீரோட்டம் மாற, அடக்கியது காற்றில் கலந்து, பனி உருக அதுவும் ஒரு காரணமானதாம். மிஸ் ஒரு சேற்றுப் பையைத் தொட்டுக் காட்டினா. "அந்த மூச்சு வெளியில வந்த நேரத்துச் சேறு இதுதான் அம்மா. இன்னொருக்கா எடுக்க ஏலா."

வெள்ளிக்கிழமை

அந்தப் பையின் சிப்பிகளைத் தனியே பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வாவியில் காற்றே இல்லை. பின்னால் யாரோ நெடுமூச்சு விட்டார்கள். திரும்பினால் ஒருவருமில்லை. இத்தனை உயிரும் ஈமக்கிரியை இல்லாமல் கிடக்கிறதே என்று மனம் பதறியது. கோயிலுக்கென்று என் கைப்பையில் வைத்திருந்த சாம்பிராணியை ஏற்றி, தட்டுகளைச் சுற்றி மூன்று முறை காட்டினேன். வாசலில் மிஸ். முகத்தில் இரத்தமில்லை. "இண்டைய புகையில இண்டைய காபன் இருக்கு அம்மா. இனி இந்தச் சிப்பிட வயச நம்ப ஏலா."

பிடியரிசி

உலையில் போடுமுன் கோயிலுக்கு ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கிற கை என்னுடையது. கழுவுமுன் ஒவ்வொரு பையிலிருந்தும் இரண்டு கரண்டிச் சேறு எடுத்து, போத்தலில் மூடி, இலக்கம் எழுதி, அலுமாரிக்குள் வைத்திருந்தேன். கேட்காமல் செய்ததால் சொல்லப் பயம். அன்று கொண்டுவந்து வைத்தேன். மிஸ் நிலத்திலேயே அமர்ந்து போத்தல்களின் இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தா.

திரும்பக் கழுவிப் பொறுக்கினோம். வயது பார்க்க அந்த அளவே போதுமாம். கடைசிச் சிப்பியைப் போட்டு மூடியபோது அதே நெடுமூச்சு. நான் திரும்பிப் பார்த்தேன். ஸல்மா என் கையைப் பிடித்தாள்: "எனக்கும் கேட்டுது கா."

இப்போது சாம்பிராணியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாய்க்குள் தேவாரம் சொல்கிறேன், நம் மூச்சிலும் காபன் இருக்கிறதாம் என்பதால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு.