அளவுக்கு மேல் ஒரு நிழற்குடை

அக்காவின் பதவிக்காலம் முடிய இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. வார்டில் பாதிப் பேருக்கு அவள் கவுன்சிலர். மீதிப் பேருக்கு அவள் தையல்கடை அக்கா. இரண்டும் தெரிந்தவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை தைக்க அழைத்து வந்து, பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதே, "அக்கா, எங்க சந்துல லைட்டு எரியல" என்று ஆரம்பித்துவிடுவார்கள். வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருப்பவள் "ம்" என்று சொல்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? அதையே வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அவள் அரசியலுக்கு வந்த கதையே கூத்து. கட்சிக்காரர்கள் வேட்பாளர் தேடி அலைந்த சமயம், தையல்கடை வாசலில் எப்போதும் ஒரு கூட்டம் நிற்பதைப் பார்த்தார்கள். இத்தனை செல்வாக்கா என்று வாயைப் பிளந்தார்கள். சொன்ன தேதிக்குத் துணி கிடைக்காமல் சண்டைக்கு வந்த கூட்டம் அது என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டாள். துணி தாமதமானாலும் தையல் பிரியாது என்று ஊருக்குத் தெரியும், அதற்கு விழுந்த ஓட்டு என்றுதான் அவள் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். மனைவி ஜெயித்த நாளிலிருந்து அவளைக் "கவுன்சிலரம்மா" என்று கூப்பிட்டுக் கேலி செய்வதை ஒரு நாளும் விட்டதில்லை.

பதவி முடியும்போது கடைசிக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து, தான் என்ன செய்தேன் என்று பேச வேண்டும் என்பது அந்த நகராட்சியில் பழக்கம். பக்கத்து வார்டு கவுன்சிலர் ஓர் அச்சகக்காரர். அவர் தன் சாதனைகளை வழவழ தாளில் வண்ணப் புத்தகமாகவே போட்டுவிட்டார். அட்டையில் வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். உள்ளே படித்துப் பார்த்தால், காலையில் சூரியன் உதிப்பதைத் தவிர மற்ற எல்லாமே அவர் முயற்சியால் நடந்தவை.

அக்கா மெஷினில் உட்கார்ந்தபடியே தன் பங்குக்கு யோசித்தாள். சாக்கடை மூடி போட்டதா? அது முந்தைய கவுன்சிலர் ஆரம்பித்த வேலை, இவள் போய்ப் படத்துக்கு நின்றாள், அவ்வளவுதான். தெருவிளக்கா? எரிகிறது, அணைகிறது, அதற்கென்று ஒரு மனசு இருக்கிறது. நாய்த்தொல்லைக்கு எழுதிப்போட்டாள். நாய்கள் இருக்கின்றன. இரண்டு வீட்டுச் சுவர்ச் சண்டையைத் தீர்த்து வைத்தாள். அவர்கள் இப்போது மாடிப்படிக்குச் சண்டை போடுகிறார்கள். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்ததில், ஆரம்பத்திலிருந்து முடிவுவரை அவளே தலையால் தண்ணீர் குடித்து முடித்தது ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. ஆஸ்பத்திரி எதிரே இருக்கும் பஸ் நிழற்குடை.

அதுவும் சந்தி சிரித்த விஷயம்.

பதவிக்கு வந்த புதிதில் அந்த நிழற்குடைக்கு அனுமதி கிடைத்தது. இன்ஜினியர் அப்போது மாற்றலாகிப் போயிருந்தார், புதியவர் இன்னும் வரவில்லை. கான்ட்ராக்டர் கடைக்கே வந்து, "எவ்வளவு நீளம் போடட்டும்க்கா?" என்று கேட்டார். அளவு கேட்டால் தையல்காரி சும்மா இருப்பாளா? இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கே போய்விட்டாள். வரிசையில் நிற்கிறவர்களை அளந்தாள். கை பழக்க தோஷம், இரண்டு பக்கமும் தையலுக்கு விட்டாள். உட்கார்ந்து எழுந்திருக்க லூஸ் வேண்டாமா என்று அதற்கு மேல் கொஞ்சம் விட்டாள். வளர்கிற பிள்ளைக்கு உள்ளே துணி மடித்து வைப்பதுபோல், வளர்கிற ஊராச்சே என்று இன்னும் கொஞ்சம். கான்ட்ராக்டர் தன் பங்குக்கு, வந்த அளவை அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிக்கொண்டார். இரும்புக்குத் தையல் விட வேண்டாம் என்பது கூரை ஏறிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. உறைத்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஊரிலேயே நீளமான நிழற்குடை அது. இரண்டு ஓரமும் அனுமதித்த கோட்டைத் தாண்டித் துருத்திக்கொண்டு நின்றன. "அக்கா, அதுக்கு எப்ப பட்டன் வைக்கப் போறீங்க?" என்று கூட்டத்தில் கேட்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்தால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. ஐந்து வருஷமாகியும் விடவில்லை.

போன வாரம் பக்கத்துச் சந்துக்குத் திரும்பிய ஒரு லாரியின் கண்ணாடி ஓர் ஓரத்தில் உரசிவிட்டது. அச்சகக்காரர் விடுவாரா? கூட்டத்தில் எழுந்து, விதியை மீறி நிற்கும் இரண்டு ஓரங்களையும் வெட்டி எடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அக்கா எழுந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். என்ன பேசுவது? அளவு தப்புதான். மறுநாள் காலையே வெட்டிவிடுவதாக இன்ஜினியர் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் முகத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"என்ன கவுன்சிலரம்மா, நீ பாக்காத வெட்டா? தினம் தினம் வெட்டறதுதானே உன் பொழப்பு?"

"உங்களுக்கு என்னங்க, சொல்லிட்டீங்க. நான் செஞ்சது அது ஒண்ணுதான். அதையும் நான் நாற்காலியில இருக்கும்போதே வெட்டிட்டா, கடைசிக் கூட்டத்துல நான் என்னன்னு எழுந்து நிப்பேன்?"

அவருக்குக் கேலி வரவில்லை. தட்டை நகர்த்திவைத்துவிட்டு, "ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லிக் கேளு. நீ இறங்கினப்புறம் என்ன வேணா பண்ணிக்கட்டும். கேக்கறதுல என்ன கௌரவக் குறைச்சல்?" என்றார். அவளுக்கும் அதுதான் தோன்றியிருந்தது. கெஞ்சியாவது கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போதே தூறல் போட்டது. பாதி வழியில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. குடையைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடியே நடந்தாள். "சார், ஒரே ஒரு வாரம். அப்புறம் உங்க இஷ்டம்." ஐந்து வருஷம் பதவியில் இருந்தவள் இப்படிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு அழுகையே வந்தது. மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

நிழற்குடை நிரம்பி வழிந்தது. ராத்திரி வேலை முடித்த ஆஸ்பத்திரிப் பெண்கள், வேலைக்குப் போகிறவர்கள், காலில் கட்டுப்போட்டு, மடக்கி உட்கார முடியாமல் ஊன்றுகோலோடு ஒருவர், அவர் வீட்டுக்காரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள். வெட்டும் மெஷினைச் சாக்கில் சுற்றிக்கொண்டு இரண்டு ஆட்கள் வெளியே நனைந்தார்கள். இன்ஜினியர் ஃபைலைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க. வேலை நடக்கணும்" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. ஒரு நர்ஸம்மா மட்டும் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த மழையில எங்க சார் போறது? மெஷின்ல தண்ணி பட்டா ஷாக்கடிக்கும். முதல்ல நீங்க உள்ள வாங்க. ஃபைல் நனையுது பாருங்க."

ஃபைல் என்றதும் இன்ஜினியருக்கு அரசாங்கம் ஞாபகம் வந்தது. உள்ளே ஏறினார். பின்னாலேயே இரண்டு ஆட்களும் மெஷினும் ஏறினார்கள். வரிசை முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டது. அவருக்குக் கிடைத்தது கடைசி ஓரம். தலைக்கு மேலே பார்த்தார். எங்கே வெட்ட வேண்டும் என்று நேற்று அவரே சாக்பீஸால் போட்ட கோடு. கீழே பார்த்தார். அவருடைய இரண்டு கால்களும் கோட்டுக்கு அந்தப் பக்கம், வெட்டி எறிய வேண்டிய பக்கம் நின்றன. கோட்டுக்கு இந்தப் பக்கம் வரப் பார்த்தால் ஊன்றுகோல்காரர் நிற்கிறார். அவரைத் தள்ளிவிட்டால்தான் விதிப்படி நிற்க முடியும். மனுஷர் முகத்தில் அசடு வழிந்தது.

அந்த நேரத்தில்தான் அக்கா போய்ச் சேர்ந்தாள். உள்ளே இடம் இருக்குமா என்ற சந்தேகத்தில் குடையோடு வெளியிலேயே நின்றாள்.

"சார், ஒரு வாரம்..." என்று தொடங்கினாள்.

"மேடம், நானே கூப்பிடலாம்னு இருந்தேன்." இன்ஜினியர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது எவ்வளவு நீளம்னு பேப்பர்ல பாத்தேன். எவ்வளவு பேர் நிக்கறாங்கன்னு பேப்பர்ல இல்லை. இப்போ வெட்டினா எத்தனை பேரை நனைய விடறதுன்னு நான் எழுதித் தர முடியாது."

"தீர்மானம் போட்டாங்களே சார்?"

"ஆபத்தை நீக்கணும்னுதான் தீர்மானம். ரெண்டு ஓரத்துலயும் ராத்திரி மின்னுற சிவப்புப் பட்டை ஒட்டறேன். முன்னாடி ரெண்டு கம்பம் நட்டு லாரி கிட்ட வராம பண்றேன். ஆபத்து நீங்கிடுச்சுன்னு எழுதி அனுப்பறேன். நீங்க இருக்கும்போதும் இது இருக்கும், இறங்கினப்புறமும் இருக்கும். போதுமா?"

போதுமாவா? ஒரு வாரம் கேட்க வந்தவளுக்கு முழுசாகவே கிடைத்துவிட்டது. நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து வீசிய காற்றில் குடை பின்பக்கமாக மடங்கி, கம்பி கம்பியாக நின்றது.

நர்ஸம்மா அவளைப் பார்த்துவிட்டாள். வேறு ஊரிலிருந்து வேலைக்கு வந்து போகிறவள், அக்காவை அவளுக்கு அடையாளம் தெரியாது. "என்னம்மா, பச்சைப் பிள்ளை மாதிரி மழையில நின்னு பேசிக்கிட்டிருக்கீங்க? உள்ள வாங்க. யாரோ நம்மளையெல்லாம் மனசுல வச்சுப் பெருசா கட்டியிருக்காங்க. எவ்வளவு பேர் வந்தாலும் இடம் இருக்கு."

இன்ஜினியர் உண்மையைச் சொல்லிவிடப் போனார். அக்கா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். உள்ளே ஏறினாள். வரிசை மறுபடியும் நகர்ந்தது. நர்ஸம்மா தன் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, பெஞ்சில் அது இருந்த இடத்தைத் துடைத்துக் கொடுத்தாள். அக்கா உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் தான் கட்டிய இடத்தில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஊர் சிரித்ததைக் கேட்டுக் கேட்டு, இந்தப் பக்கம் வந்தாலே எதிர்ச்சாரியில் நடந்து போய்விடுவாள். நெஞ்சு நிறைந்து போயிருந்தது. கடைசிக் கூட்டத்தில் பேசுவதற்கு இப்போதும் அவளிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அது அவளை உறுத்தவில்லை.

பஸ் வந்தது. எல்லோரும் எழுந்து முட்டி மோதி ஏறினார்கள். படியில் கால் வைத்த நர்ஸம்மா திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க ஏறலையாம்மா? அடுத்த பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் ஆகும்."

"பரவாயில்லம்மா, நீங்க போங்க" என்றாள் அக்கா. "நான் கொஞ்ச நேரம் இங்க உக்காந்துட்டு வர்றேன்."