பெருவிரல் நகத்துச் சிவப்பு

காசித்தும்பைப் பூவுக்கென்று பெரிய வாசனை எதுவும் கிடையாது. ஆனால் பூவையும் இலையையும் ஒரு துண்டுப் படிகாரத்தோடு சேர்த்துக் கிண்ணத்தில் இடித்தால், புளியங்காயும் நனைந்த செங்கல்லும் கலந்ததுபோல் ஒரு மணம் மூக்கில் ஏறும். அந்த மணத்தை நான் முதன்முதலில் அறிந்தது ஜேர்மனியில், ரூர்ப் பகுதியின் ஒரு சிறிய நகரத்தில், நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் பின்முற்றத்தில். அப்போது எனக்குப் பதினொரு வயது.

நானும் அம்மாவும் அந்த ஆண்டு மாசியில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தோம். பின்னால் வருவதாகச் சொன்ன அப்பா கொழும்பில் நின்றுவிட்டார். வைகாசிக்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு, எல்லோரும் "அன்ட்ராக்" என்று சொன்ன அந்தத் தாள்கட்டுக்கு, முடிவு வரும்வரை எனக்குப் பள்ளிக்கூடம் கட்டாயமில்லை என்றார்கள். ஐந்தாம் வகுப்போடு ஊரில் நின்ற படிப்பு அப்படியே நின்றுபோனது. அம்மா ஒரு நாளில் நான்கு தடவை கீழே இறங்கித் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பார். நான் யாரோடும் பேசாமல் பின்முற்றத்துப் படியில் உட்கார்ந்திருப்பேன்.

மேல்மாடியில் கொரியாவிலிருந்து வந்த ஒரு தாதி தனியாக இருந்தார். அவருடைய கதவு மணியில் "கிம்" என்று மட்டும் எழுதியிருக்கும். அம்மா அவரை "நேர்ஸ் அக்கா" என்றார், நானும் அப்படியே அழைத்தேன். முற்றத்தில் பழைய வாளிகளில் மண் நிரப்பி அவர் காசித்தும்பை வளர்த்தார். அதன் முற்றிய காய் விரல் பட்டதும் வெடித்து விதை தெறிக்கும். ஒரு நாள் நான் ஒவ்வொன்றாக வெடிக்கவைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். ஏசப்போகிறார் என்று கையை இழுத்துக்கொண்டேன். அவரோ எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, தாமும் இரண்டு காய்களை வெடிக்கவைத்தார்.

எங்கள் இருவருடைய ஜேர்மன் மொழியையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் ஒரு முழு வசனம் வரும். மிச்சத்தைக் கையால் சொன்னார். அவருடைய நாட்டில் கோடை முடிகிற நேரம் இந்தப் பூவை இடித்து நகத்தில் கட்டுவார்கள். அந்தச் சிவப்பு முதல் வெண்பனி விழும்வரை நகத்தில் மிஞ்சியிருந்தால் நினைத்தது நடக்கும். அங்கே பெண்பிள்ளைகள் காதலனை நினைப்பார்களாம். சொல்லிவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார். "நீ என்ன வேண்டுமானாலும் நினைக்கலாம்" என்றார். அப்பா என்பதற்கு ஜேர்மன் மொழியில் என்ன சொல் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதை மட்டும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பூப் பறிக்கத் தொடங்கினார்.

கூச்சத்தில் நான் வலதுகைச் சுண்டுவிரல் ஒன்றை மட்டுமே நீட்டினேன். இடித்த பூவை நகத்தில் அப்பி, இலையால் மூடி, அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டினார். விடியும்வரை விரல் விறைத்துக் கிடந்தது. "மருதோண்டி மாதிரித்தானே, நல்லது. ஆனா ஏன் விரலைப் பார்சல் கட்டி வைச்சிருக்கிறா?" என்றார் அம்மா. அவிழ்த்தபோது நகம் சுட்ட ஓட்டு நிறத்தில் இருந்தது. அக்காவின் கைகளைப் பார்த்தேன். பத்து விரலிலும் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் கைநகத்துக்குச் சாயம் கூடாது என்றார். பிறகு செருப்பைக் கழற்றி வலது காலைக் காட்டினார். பெருவிரல் நகம் செக்கச்செவேலென்று இருந்தது. தமக்கும் ஒரு நினைப்பு உண்டு என்றார். என்ன நினைப்பு என்று சொல்லவில்லை.

கீழ் வீட்டு மூர்த்தி அண்ணை என் விரலைக் கண்டுவிட்டார். "எட தம்பி, கலியாணம் எப்ப? மாப்பிள்ளை ஜேர்மன்காரனோ?" என்று படிக்கட்டு அதிரச் சிரித்தார். "சும்மா இரும், மூர்த்தி. அது அவன் தேப்பனை நினைச்சு வைச்சது" என்றார் அம்மா. அதன் பிறகு மூர்த்தி அண்ணை என்னைக் காணும்போதெல்லாம், ஏதோ நோயாளியை விசாரிப்பது போல, "நகம் எப்பிடி இருக்கு?" என்று கேட்கத் தொடங்கினார். நான் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே "இருக்கு அண்ணை" என்பேன்.

நகம் வளர வளரச் சிவப்பு நுனியை நோக்கி நகர்ந்தது. சனிக்கிழமைதோறும் அம்மா நகம்வெட்டியோடு வருவார். "சோறு தின்னுற கையடா. இதென்ன பேய் நகம்?" மற்ற ஒன்பது விரல்களையும் கொடுத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் மடக்கி வைத்துக்கொள்வேன். கார்த்திகை பிறந்தபோது சிவப்பு ஒரு பிறைக்கீற்று அளவில்தான் மிஞ்சியிருந்தது. கடிதம் இன்னும் வரவில்லை.

ஒரு காலை எழுந்து யன்னலால் பார்க்கிறேன்: புல், வாளிகளின் விளிம்பு, கார்களின் கூரை எல்லாம் வெள்ளை. "அம்மா, சினோ கொட்டிட்டுது! அப்பா வரப்போறார்!" என்று கத்தினேன். நாங்கள் வந்த மாசியில் வெறும் மழைதான்; அம்மாவும் என்னைப் போலவே அதற்கு முன் வெண்பனியைக் கண்டவர் அல்ல. யன்னலடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொண்டா அந்த விரலை" என்றார். அந்தச் சிவப்புப் பிறை வெட்டுண்டு விழுந்தது. அதைத் தாளில் மடித்துக்கொண்டு, வேலை முடிந்து வந்த அக்காவிடம் ஓடினேன்.

அவர் வாளி விளிம்பிலிருந்த வெள்ளையை விரலால் சுரண்டிக் காட்டினார். அது அப்போதே நீராகிக்கொண்டிருந்தது. இது வானத்திலிருந்து விழவில்லை, குளிரில் தரையிலேயே பூத்தது. வெறும் உறைபனி என்று விளங்கப்படுத்தினார். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த அம்மா, "ஐயோ, நான்தானே வெட்டினனான்" என்று தலையில் கைவைத்தார். அம்மாவும் என் அளவுக்கு அந்த நகத்தை நம்பியிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்கா தம் வெள்ளைச் சப்பாத்தைச் சுட்டிக் காட்டினார். "இது இருக்கிறது. கால்நகம் மெதுவாகத்தான் வளரும். என்னுடையதை நீ வைத்துக்கொள்" என்றார்.

பத்து நாள் கழித்து, ஒரு மத்தியானம், உண்மையான வெண்பனி விழுந்தது. அவர் முற்றத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார். வேலை உடுப்போடு ஒரு சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, அந்தச் சிவப்புப் பெருவிரலைப் பனிக்குள் பதித்துக்கொண்டு, "அப்பாவின் பெயர் என்ன?" என்று கேட்டார். வாய் திறக்கவே கூசும் நான், முற்றம் கேட்க, "செல்வராசா!" என்றேன். அவர் கண்ணை மூடி அந்தப் பெயரைத் தம் மொழிக்குள் வைத்து ஏதோ முணுமுணுத்தார். "நேர்ஸ் அக்கா, காய்ச்சல் வரப்போகுது, காலை எடுங்கோ!" என்று அம்மா துவாயோடு ஓடிவந்தார்.

மாசியில் அவருக்கு வேறு நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போகும்போது ஒரு கடித உறையில் விதை தந்தார். சித்திரையில் அப்பா வந்தார். கடதாசி எல்லாம் சரிவந்ததால் வந்தார் என்றார் மூர்த்தி அண்ணை. அம்மா அப்படிச் சொல்லவில்லை. புகையிரத நிலையத்தில் அப்பாவுக்காகக் காத்து நின்றபோது என்னிடம் சொன்னார்: "அவவுக்கு உன்ர வயசிலை ஒரு மகள். தாய் வீட்டிலை விட்டிட்டு வந்தவ. அவளை இங்கை கூப்பிடத்தான் அந்தக் காலிலை வைச்சவ. எனக்குப் படம் காட்டினவ. அதைத்தான் உனக்குத் தந்திட்டா. மறந்திடாதை."

மறக்கவில்லை. அப்பா எங்களோடு இருபத்தாறு ஆண்டுகள் இருந்தார். அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அந்த முற்றத்தில் கார்கள் நிற்கின்றன. "கிம்" என்ற ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்தில் ஒருவர் கிம்மாக இருக்கும் கொரியர்களுக்குள் ஒருவரைத் தேட இயலாது என்பதைத் தேடிப் பார்த்துத்தான் அறிந்தேன். அந்த விதையின் விதைகள் என் பல்கனியில் ஆண்டுதோறும் பூக்கின்றன. நான் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறேன், அங்கேயும் கைநகத்தில் சாயம் கூடாது. ஆகவே ஆவணியில் வலது கால் பெருவிரலில் கட்டிக்கொள்கிறேன். "இந்த வயசிலை உங்களுக்குக் காலுக்குக் கியூட்டெக்ஸ் கேக்குதோ?" என்று மனைவி சிரித்துக்கொண்டே நூலை முடிச்சுப் போடுவாள்.

இப்போதெல்லாம் அந்நாளைய வெண்பனி இல்லை. சில ஆண்டுகளில் தை முடியும்வரை மழைதான். கைநகமாக இருந்தால் சிவப்பு காத்திருந்தே தேய்ந்துபோயிருக்கும். வெண்பனி விழுகிற அன்று கீழே இறங்கி, யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றுகிறேன். என் அப்பாவின் பெயரை நேர்ஸ் அக்கா கேட்டார். அவருடைய மகளின் பெயரை நான் கேட்கவில்லை. அதனால், "அக்காவின்ர பிள்ளை" என்று மட்டும் சொல்லி, கால் விறைக்கும்வரை நிற்கிறேன்.