காட்டுத் தகப்பனின் குட்டிகள்

பன்றிக்கென்ன, கண்டதையும் தின்று வளரும் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் ஒரு மாதம் வளர்த்துப் பார்க்கட்டும். மில்லில் தவிடு அள்ளிவந்து, மரவள்ளித் தோலோடு அவித்து ஊற்ற வேண்டும். அதற்கு வேர்க்காது, வெயில் நாளில் உடம்பை நனைக்காவிட்டால் செத்துப்போகும். தண்ணீர், தண்ணீர், எந்நேரமும் தண்ணீர்.

எழுபத்தேழு இனக்கலவரத்துக்குப் பிறகு, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னியில் விசுவமடுப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியிருந்தோம். எங்களுக்குக் கிணறு இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பக்கத்துக் காணியில் வயல் செய்த அக்கா முதலில் தன் கிணற்றில் முகம் சுளிக்காமல் அள்ளவிட்டார். நான் ஒரு பெட்டைப் பன்றி வாங்கியதும், "பண்டி வளர்க்கிற கையால வாளியைத் தொடாதேங்கோ பிள்ளை" என்றுவிட்டார். பிறகென்ன, ஒரு மைல் தள்ளி வாய்க்கால்தான். இடுப்பு விட்டுப்போகும்.

அந்த மாரியில் ஒரு காட்டுப்பன்றி பட்டியை உடைத்து உள்ளே வந்தது. பங்குனியில் ஏழு குட்டிகள், ஏழுக்கும் முதுகில் அணில் மாதிரி வரி! கிளிநொச்சியிலிருந்து குட்டி வாங்க வந்த வியாபாரி, இதுகள் கொழுக்காது என்று திரும்பிப் போனார். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கெடக்கு, நாமளே வளப்போம்" என்றேன். வாய்க்கொழுப்பு. தண்ணீர் சுமந்தவள் நான்தானே.

ஆவணியில் வாய்க்கால் வற்றிச் சேறாகிவிட்டது. தாய்ப்பன்றி எழும்ப முடியாமல் மூச்சுவாங்கிக் கிடந்தது. குட்டிகளுக்கோ வரி மறைந்து, மூஞ்சி நீண்டுவிட்டது. சமாளிக்க முடியாமல் ஒன்றை இறைச்சிக்கு அடித்தோம். வாசம் போயிற்றோ என்னவோ, அக்காவின் புருசன் சட்டியோடு வேலியடியில் நின்றார்.

"காட்டுப் பண்டியாமே, எங்களுக்கும் ஒரு பங்கு தாங்கோ."

"இது வீட்டுப் பன்னி போட்டதுங்க" என்றேன்.

"சும்மா இரு பிள்ளை, தேப்பன் காட்டிலையிருந்து வந்தவன்தானே!"

தகப்பன் காட்டுப்பன்றி என்றால் தீட்டில்லை போல. எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோசமும் வந்தது. இனிக் கிணறு கிடைக்கும் என்றுதான் நம்பினேன். தொடைப் பக்கமாகப் பார்த்து, என் கையாலேயே அரிந்து சட்டி நிறையக் கொடுத்தேன்.

விடிந்ததும் வாளியோடு போனேன். "அக்கா, தாய்ப்பன்னி கெடந்து இழுக்குது. ரெண்டு வாளி தண்ணி குடுங்க."

"ராத்திரிக் கறி நல்ல ருசி பிள்ளை" என்றார் அக்கா. உண்மையாகவே சந்தோசமாகத்தான் சொன்னார். பிறகு கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். "பண்டிக்கெண்டா இஞ்ச அள்ள வேண்டாம். நாங்கள் சாமிக்கு வைக்கிற தண்ணி."

அந்த இறைச்சியை அரிந்தது எந்தக் கை என்று கேட்டிருக்கலாம். வாய்க்காலுக்கு நடந்தேன். அரை வாளி சேற்றுத் தண்ணீரோடு நான் திரும்பி வந்தபோது தாய்ப்பன்றி செத்துக் கிடந்தது.