கல் தேவாலயத்தின் முன் எடுத்த படம்

பனிக்காலத்தில் ரொறன்ரோவின் பழைய கட்டடங்களைப் படமெடுப்பது என் வழக்கம். அன்று ஒரு கல் தேவாலயத்தின் வாசலில் போர்வைக்குள் கிடந்தவர் எழுந்து வந்தார்.

“அண்ணை தமிழோ? உங்கட ஜக்கெற்றைத் தாறியளோ? போட்டுக்கொண்டு உங்கட போனிலை ஒரு படம் எடுத்து ஊரிலை இருக்கிற அம்மாவுக்கு அனுப்ப வேணும். என்ர புது நம்பர் எண்டு எழுதுங்கோ.”

கூச்சத்தோடு கழற்றிக் கொடுத்தேன். புறநகர் ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியவர் போலச் சிரித்தார். அவர் சொன்ன நம்பருக்குப் படத்தை என் வாட்ஸப்பில் அனுப்பினேன். ஜக்கெற்றை வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

“வேண்டாம் அண்ணை, உந்த ஜக்கெற்றை இரவைக்கே களவெடுத்திடுவாங்கள்.”

மறுநாள் அவருடைய அம்மாவின் குரல்பதிவு என் போனுக்கு வந்தது. “நல்லா உடம்பு வைச்சிட்டாய் மோனை. கலியாணம் பேசட்டே?”

உடனே தேவாலயத்துக்குப் போனேன். அவர் இல்லை. பிறகும் பலமுறை தேடினேன்.

அந்தக் குரல்பதிவை நான் கேட்டுவிட்டதை அம்மாவின் போன் காட்டியிருக்கும். கேட்டும் மகன் பதில் சொல்லவில்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.