கடைசித் தெருக் கல்யாணம்

ஓவிலாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பனி ஊரான ரிமூஸ்கியின் பெரிய வீதியில், முதியோர் குடியிருப்பில் இருக்கிறார். பனி கொட்டினால் பொழுது விடிவதற்குள் வாசல் சுத்தமாகிவிடுகிறது. அவருக்கு அது கூச்சமாக இருக்கிறது. வாழ்நாளெல்லாம் கடைசித் தெருவில் குடியிருந்த மனுஷன். அதுவும் ஊருக்கே பனி தள்ளும் வண்டியை ஓட்டிக்கொண்டு!

அந்தக் காலத்து வரிசை இன்னும் மனப்பாடம். முதலில் ஆஸ்பத்திரி மேடு, பெரிய வீதி. அடுத்து பஸ் போகும் சாலைகள். அப்புறம் பள்ளிக்கூடத் தெருக்கள். எல்லாம் முடிந்தபின்தான் முட்டுச்சந்துகள். நடுவில் மறுபடி கொட்டினால் விட்ட இடத்தில் தொடர முடியாது, திரும்பவும் ஆஸ்பத்திரி மேட்டிலிருந்துதான். ஓவிலாவின் வீடு முட்டுச்சந்தில். சொந்தத் தெருவுக்குச் சலுகை காட்டினார் என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்று மற்ற சந்துகளையும் முடித்துவிட்டுத்தான் அங்கே வருவார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

"ஊருக்கெல்லாம் வழி பண்ணித் தர்றீங்க. பால் வாங்க நான் மட்டும் இடுப்பளவு பனியில நீந்தணும்," என்பாள் மனைவி ப்லாந்தின்.

"ஆஸ்பத்திரிக்குப் போறவன் நீந்தினா பரவாயில்லையா?"

"அந்த ஆஸ்பத்திரியை ஒருநாள் நான் கொளுத்தறேன் பாருங்க."

ப்லாந்தின் போய்ச் சேர்ந்து வருஷங்களாயிற்று. பனி கொட்டும் இரவுகளில் அந்தச் சண்டைகளைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்.

மகள் மார்ஜோலேனுக்குக் கல்யாணம் வைத்தது பிப்ரவரியில். வானம் தெளிய வேண்டுமென்று, ஊர் வழக்கப்படி ப்லாந்தின் முதல் நாளே ஜெபமாலையைத் துணி காயும் கொடியில் தொங்கவிட்டாள். விடிந்து பார்த்தால் கொடிக்கம்பமே பாதி புதைந்து கிடந்தது. ஓவிலா விடுப்பில்தான் இருந்தார். ஓட்டுநர்கள் பலர் காய்ச்சலில் படுத்துவிட, கோத்தியே என்ற மேஸ்திரி போனில் கெஞ்சினார். மறுக்க மனசு வரவில்லை.

"பூசைக்குள்ள நம்ம சந்துக்கும் வந்துடுவேன்," என்று மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, கல்யாண சூட்டின் மேலேயே வேலைக் கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தார்.

பனி நின்றால்தானே! திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரி மேட்டுக்கே போக வேண்டியதாயிற்று. ஒருவழியாகப் பனி விட்டு, பூசைக்கு நேரம் நெருங்கியபோது அவர் பஸ் சாலையில்தான் இருந்தார். பின்னால் ஓட்டுநர் லூசியனின் பஸ், நிறைய ஆட்களோடு, அவர் பனி தள்ளிய வழியிலேயே ஊர்ந்து வந்தது. முன்னால் சந்து முனை. திருப்பினால் வீடு. வண்டியின் வேகத்தைக் குறைத்தார். திருப்புவதில்லை என்று முடிவெடுத்தபோதே கண்ணீர் முட்டிவிட்டது.

முனையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். வெள்ளைக் கல்யாண கவுனுக்குக் கீழே ரப்பர் பூட்ஸ், மேலே அப்பாவின் பழைய கோட்டு: மார்ஜோலேன். பக்கத்தில், மணப்பெண்ணின் முக்காட்டை ரொட்டிப் பைக்குள் வைத்து அணைத்தபடி ப்லாந்தின். சந்து முழுக்கப் பனியை மிதித்தே வந்திருந்தார்கள். ஓவிலா கதவைத் திறந்தார்.

"நீ சந்துக்குள்ள வரமாட்டேன்னு தெரியும்ப்பா. அதான் உன் வரிசைக்கு நானே வந்துட்டேன்."

"கோவமா கண்ணு?"

"ஆமா. கை குடு, குளுருது."

மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பனியைத் தள்ளிக்கொண்டே அதே சாலையில் இருந்த மாதா கோயில் வாசலுக்கு வந்தார். மாப்பிள்ளை ஓடிவந்தான்.

"சாமியாரும் எங்க வீட்டாளுங்களும்தான் மாமா இருக்கோம். வேற யாராலயும் வர முடியல."

வயர்லெஸ்ஸில் கோத்தியே கத்தினார். "ஓவிலா, எங்கய்யா நிக்கிறே?"

பாதி வேலையில் ஓவிலா இன்ஜினை அணைத்ததே கிடையாது. அணைத்தார். "கோயில் வாசல்ல. மேடு சுத்தமா இருக்கு, பெரிய வீதியும் சுத்தமா இருக்கு. இப்ப முதல் வரிசை என் பொண்ணுக்கு."

"போய்யா, போய்க் கல்யாணத்தைப் பண்ணு," என்றார் கோத்தியே.

பின்னால் பஸ்ஸுக்கு வழியில்லை. "வண்டியை எடுய்யா, எருமை!" என்று திட்டிக்கொண்டே வந்த லூசியன், கவுனைத் தூக்கிப் பிடித்து இறங்கும் மார்ஜோலேனைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். பிறகு பஸ்ஸைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் இறங்குங்க! கல்யாணத்துக்குப் போறோம்!"

ஆலைக்குப் போகிறவர்கள், கடைக்குக் கிளம்பியவர்கள், எல்லாரும் பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ஓவிலா மகளின் கையைப் பிடித்து நடந்தபோது, முன்பின் தெரியாத அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். மார்ஜோலேன் அவர் பக்கம் சாய்ந்தாள்.

"இப்பக் கோவம் இல்லப்பா," என்றாள்.