கயிற்றை வெட்டாதவன்

எங்கள் பொம்பா நிலையத்துக்கு, அதாவது தீயணைப்பு நிலையத்துக்கு, தலைவராக வந்த வெள்ளைக்காரத் துரை அதற்கு முன் போர்க்கப்பலில் அதிகாரி. கோலாலம்பூரில் கடல் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். சிமெண்டுத் தரையை ‘டெக்’ என்பார். தினமும் காலையில் எங்களை வரிசையாக நிறுத்திக் கயிற்றில் முடிச்சுப் போடவும் அவிழ்க்கவும் வைப்பார். கப்பலில் கயிறுதான் உயிராம். அதை வெட்டுகிறவன் கூட இருப்பவனைக் கடலில் தள்ளுகிறவனாம். "தாலி ஜாங்கான் போத்தோங்!" என்று மலாயில் கத்துவார். கயிற்றை வெட்டாதே. மலாயில் கயிற்றுக்குத் தாலி என்று பேர். கல்யாணமானவர்கள் உடனே கீழ்ப்படிந்தோம்.

முடிச்சு அவிழ்ப்பதில் நான் சூரன். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவிழ்ப்பேன்.

ஒரு நண்பகலில் பிரிக்பீல்ட்சில் ஒரு பால்காரரின் மாட்டுக் கொட்டகை பற்றிக்கொண்டது. அத்தாப்பு ஓலைக் கூரை. உள்ளே மூன்று பசுக்கள். அவருடைய பிழைப்பே அவைதான். முதலில் உள்ளே போனவன் நான். வீரம் என்று நினைக்க வேண்டாம், குழாயோடு பின்னால் வந்தவன் இடித்துத் தள்ளினான்.

பசு மிரண்டு இழுத்ததில் அதைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. என் இடுப்பில் கோடாலி. நானோ மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். "தாயே, கொஞ்சம் முன்னால வா, கயிறு தளரட்டும்" என்று பசுவிடம் கெஞ்சினேன்.

"வெட்டுங்கண்ணே! கயித்த வெட்டுங்க!" என்று வெளியே பால்காரர் அலறினார். காதில் நன்றாகவே விழுந்தது. கைக்குத்தான் எட்டவில்லை.

ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அந்தப் பசு என்னை மிதித்துவிட்டு ஓடியது. இரண்டாவதில் கை வைத்தபோது கூரை இறங்கியது. துரைதான் என் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். மற்ற இரண்டும் கத்தியது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இன்னும் முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துத் துரை என்னை மொழிபெயர்க்க அழைத்துக்கொண்டு பால்காரர் வீட்டுக்குப் போனார். பிழைத்த பசு வாசலில் நின்றது; பயத்தில் அதற்கும் பால் வற்றிவிட்டதாம். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சாலா சாயா" என்றார்.

"தப்பு தன்னோடதுன்னு துரை சொல்றாரு. வெட்டக்கூடாதுன்னு உத்தரவு போட்டது அவருதானாம்" என்று தமிழில் சொன்னேன்.

"மாட்டுகிட்ட வந்தது துரையா அண்ணே? நீங்கதானே வந்தீங்க?" என்றார் பால்காரர். "இடுப்புல கோடாலி இருந்துச்சுல்ல?"

பயந்தால் எனக்குச் சிரிப்பு வந்து தொலைக்கும். வந்தது.

"சிரிங்க, நல்லா சிரிங்க."

அவர் என்ன சொல்கிறார் என்று துரை கேட்டார். பரவாயில்லை என்கிறார் என்று மலாயில் சொன்னேன். துரை பெருமூச்சு விட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார்.

பால்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவருக்கு மலாய் தெரியாமல் இருக்குமா?