சூடு கேட்டால்தான் கரண்ட்

பொயிலர் பொருத்திப் பூட்டும் தொழிலில் கருவிப் பெட்டியை மறந்து போனாலும் சமாளிக்கலாம், ஓட்டைச் சொக்ஸோடு போனால் சமாளிக்க முடியாது. பனிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீடு வீடாகப் பேஸ்மென்ட் இறங்குகிறவர்களுக்கு இந்த வேதனை விளங்கும்.

போன பனிக்காலம் எங்கள் கொம்பனி புதுவகைப் பொயிலர் மூன்றை என் தலையில் கட்டியது. காஸை எரித்து வீட்டைச் சூடாக்கும்போதே அது கரண்டும் உண்டாக்கும். மூன்று தமிழ் வீடுகளில் பூட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று திரும்பி வந்தாலும் நான் பழையபடி வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்கப் போக வேண்டியதுதான்.

ஸ்வெற்றர் வீடு

அஜின்கோர்ட்டில் சிவபாலன் அண்ணை வீட்டில், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தேர்மோஸ்ராற்றைத் தொட அவரைத் தவிர எவருக்கும் உரிமை இல்லை. அது பதினேழு பாகையைத் தாண்டாது. குளிர்கிறது என்றால் ஸ்வெற்றரைப் போடச் சொல்வார். பூட்டி இரண்டாவது வாரம் போன் அடித்தார். கரண்ட் வரவில்லையாம், நான் ஏமாற்றிவிட்டேனாம்.

போய்ப் பார்த்தால் மெஷின் சும்மா நிற்கிறது. வீடு சூடு கேட்டால்தான் அது ஓடும், ஓடினால்தான் கரண்ட் வரும், ஆகவே இருபத்தொன்றில் வையுங்கள் என்றேன். காஸ் கூடுதலாக எரியுமே என்று முகம் சுருங்கிப் போனார். மாதக் கடைசியில் வந்து கழற்றிக்கொண்டு போகச் சொன்னார். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். ஸ்வெற்றருக்கு மேல் ஸ்வெற்றர் போட்டிருந்த அவர் மனைவி மலர் அக்கா வாசல்வரை வந்து மெல்லச் சொன்னார்: "தம்பி, இதை நீங்கள் இருபது வருஷத்துக்கு முந்திக் கொண்டந்திருக்கலாம்."

நல்ல நேரம்

றிச்மண்ட் ஹில் வீட்டில் ராகுகாலம் கழிந்துதான் மெஷினை ஓடவிட வேண்டும் என்று கட்டளை. நான் எதையோ சோதிக்க சுவிச்சை அழுத்த, அது உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டது. ராகுகாலம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. வீட்டுக்காரர் பஞ்சாங்கத்தை எடுக்க ஓடினார். குங்குமச் சிமிழோடு நின்ற மனைவி அசரவில்லை: "அது தம்பி செய்து பார்த்த சோதினை. நிப்பாட்டச் சொல்லுங்கோ, எங்கடை தொடக்கம் இனித்தான்."

மோர்மிளகாய்

ரூஜில் ஒருவர், பேஸ்மென்டில் ஏதோ நெடி என்று பதறிக்கொண்டு கூப்பிட்டார். காஸ் கசிகிறதோ என்று விழுந்தடித்து ஓடினேன். மெஷின் மேல் இரண்டு தட்டு நிறைய மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. மனைவி பரப்பியது மனிதனுக்குத் தெரியாது. மேலே ஒன்றும் வைக்கக் கூடாது என்று எழுதியிருப்பதைக் காட்டினேன். அந்த அம்மா தட்டுகளை, சூடு படும் பக்கத்து அலுமாரியின் மேல் மாற்றிவிட்டுச் சொன்னார்: "கரண்ட் வராட்டிலும் பரவாயில்லைத் தம்பி. பனிக்குள்ளை மோர்மிளகாய் காயுது, அதுவே போதும்."

கழற்றும் நாள்

மாதக் கடைசியில், தள்ளுவண்டியும் கனத்த மனமுமாக அஜின்கோர்ட்டுக்குப் போனேன். காலையில் பெய்து, விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியான உறைமழையில் மரம் முறிந்து வயர் அறுந்து, தெருவில் ஒரு வீட்டிலும் கரண்ட் இல்லை. சிவபாலன் அண்ணை வீட்டில் மட்டும் வெளிச்சம். கரண்ட் போனாலும் ஓடும்படி பற்றரி வைத்துத்தான் பூட்டியிருந்தேன். உண்மையைச் சொன்னால், அது வேலை செய்யும் என்று நானே முழுதாக நம்பியிருக்கவில்லை.

ஹோல் நிறைய அயலவர்கள், மூலைக்கு மூலை சார்ஜில் போன்கள். தேர்மோஸ்ராற் இருபத்துநாலில். அண்ணை வெறும் பெனியனோடு தேத்தண்ணி கொடுத்தபடி மெஷின் புராணம் பாடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், அந்த வண்டியை வெளியில் விடும், அயலார் பார்க்கிறார்கள் என்று காதைக் கடித்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. குனிந்து துடைத்தபோதுதான் என் சொக்ஸில் இருந்த ஓட்டையைப் பார்த்தேன்.

மலர் அக்கா ஸ்வெற்றர் இல்லாமல் நின்றார்: "இருபது வருஷமாக் குளிருது எண்டு நான் சொன்னது இந்த மனுசன்ரை காதிலை ஏறேல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருக்காக் குளிருது எண்ட உடனை ஏறிட்டுது."

மெஷினைப் பூட்ட எனக்கு ஒரு நாள் போதும், தேர்மோஸ்ராற்றில் இருந்து வீட்டுக்காரரின் கையை எடுக்கத்தான் ஒரு பனிக்காலம் வேண்டியிருக்கிறது.